ஆகாயத்தில் கட்டிய குஞ்சம்

விமானத்தில் நேரத்தை எப்படிக் கழிப்பது என்று என் மாப்பிள்ளை அமெரிக்காவிலிருந்து ஒரு குரல் செய்தி அனுப்பியிருந்தார். "அத்தை, லாங் ஃப்ளைட்டு. டைமே போகாது. முன்னாடி ஸ்கிரீன் இருக்கும், தமிழ்ப் படமெல்லாம் வரும், பாருங்க. நடுவுல எழுந்து நடங்க. தண்ணி நிறைய குடிங்க. முடிஞ்சா தூங்கிடுங்க, அதுதான் பெஸ்ட்டு."

கேட்டுவிட்டு நானும் என் வீட்டுக்காரரும் சிரித்தோம். நேரம் போகாதாம்! எங்கள் வீட்டில் நேரம் போதவில்லை என்று அலுத்துக்கொண்டவர்கள் உண்டே தவிர, நேரம் போகவில்லை என்று ஒருவரும் சொன்னதில்லை. காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் இரண்டு தறி. அவர் ஒன்றில் உட்கார்ந்தால் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருப்பார். நான் ஏனாத்தூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். பள்ளிக்கூடம் போக மிச்சமிருந்த நேரமெல்லாம் எனக்குக் குஞ்சம் கட்டுவதில் போயிற்று.

தறியிலிருந்து சேலையை அறுத்து எடுக்கும்போது முந்தானை ஓரத்தில் நூல்கள் அப்படியே நீளமாகத் தொங்கும். அவற்றைக் கொத்துக் கொத்தாகப் பிரித்து, முறுக்கி, முடிச்சுப் போட்டால்தான் சேலை சேலையாகும். கடைகளில் இருந்தும் கொண்டுவந்து கொடுப்பார்கள். வாங்கி வாங்கிக் கட்டுவேன். பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தால் மடியில் சேலையை விரித்துவிடுவேன். பரீட்சைக்குக் கண்காணிப்பு போட்டால் மட்டும் கை சும்மா இருக்கும். அன்றைக்கெல்லாம் எனக்குத் தலைவலி வரும். ஒரு முறை ஆஸ்பத்திரியில் டாக்டருக்குக் காத்திருந்தபோது, பக்கத்தில் இருந்த அம்மாளின் துண்டு என் பக்கமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. பேசிக்கொண்டே அதன் ஓர நூலையெல்லாம் முடிச்சுப் போட்டு வைத்துவிட்டேன். டோக்கன் கூப்பிட்டு அவள் எழுந்தபோதுதான் இருவருக்கும் தெரிந்தது. அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "கை தன்னால போவுதுமா உனக்கு" என்றாள். அதை நான் பாராட்டாகவே எடுத்துக்கொண்டு ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

என் முடிச்சுக்கு ஒரு பெயர் உண்டு. கடைசிச் சுற்றுப் போட்டதும் விரலைத் தண்ணீரில் தொட்டு, நூலை நனைத்து, சட்டென்று ஓர் இழு. காய்ந்த பிறகு ஊசியை விட்டுக் குடைந்தாலும் அது அவிழாது. எங்கள் தெருவில் "டீச்சரம்மா முடிச்சு" என்றே சொல்வார்கள். இந்தப் பெருமை எனக்குத் தலைக்கு மேலேயே இருந்தது. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு சொல்வதற்கு வெட்கமாக இருக்கும்.

என் மகளுக்குக் கல்யாணம் நடந்தபோது நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். மகளும் மாப்பிள்ளையும் சென்னையில் ஒரே ஆபீஸில் வேலை செய்து, பிடித்துப்போய்க் கட்டிக்கொண்டவர்கள். மாப்பிள்ளையின் அம்மா, அதாவது என் சம்பந்தி, பேங்க்கில் ஆபீசராக இருந்தவர். கலகலவென்று பேசுவார். கூட்டத்தில் பேசுகிறோமே என்ற நினைப்பே இருக்காது. கல்யாண வேலையில் எனக்கு மூச்சுவிட நேரமில்லாமல், முகூர்த்தச் சேலைக்கு வெளியில் கொடுத்துக் குஞ்சம் கட்டியிருந்தோம். தாலி கட்டி முடிந்து பெண்ணை அழைத்து வரும்போது, சம்பந்தி அவள் முந்தானையைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "என்ன சம்பந்தி, காஞ்சிபுரத்துல இருந்துக்கிட்டு உங்க வீட்டுப் பொடவையிலயே குஞ்சம் அவுந்து தொங்குதே!" என்று சிரித்தார். சுற்றி இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். எனக்கு அது விளையாட்டாக இல்லை. நான் கட்டியது இல்லை என்று அந்த இடத்தில் எப்படிச் சொல்ல முடியும்? சிரித்து வைத்தேன். அந்தச் சிரிப்பு என் வயிற்றில் வருஷக்கணக்கில் கிடந்தது.

இப்போது மகள் உண்டாகியிருந்தாள். அங்கேயே வளைகாப்பு வைப்பதாக முடிவாயிற்று. நானும் சம்பந்தியும் சேர்ந்து போவது, வளைகாப்பு முடிந்ததும் அவர் திரும்பிவிடுவது, நான் பிரசவம் வரைக்கும் இருப்பது என்று பேசினோம். வளைகாப்புச் சேலை எங்கள் தறியில்தான் நெய்ய வேண்டும் என்று நான் ஒற்றைக் காலில் நின்றேன். உடல் மாந்துளிர் நிறம், முந்தானை அரக்கு. குஞ்சம் நானே கட்டுவேன். சம்பந்தி அதைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும், பார்த்துவிட்டு வாயடைத்து நிற்க வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

மழை அந்த ஆசையில் விளையாடியது. ஈரத்தில் நெடுக்காக ஓடும் பாவு நூல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு தறி ஓடவில்லை. நான் தறிக்குப் பக்கத்திலேயே நின்று நச்சரித்தேன். "பாவு ஈரமா இருக்குது, நீ வேற உயிர வாங்கிக்கினு இருக்காதம்மா. நூலு அறுந்தா நீயா முடிச்சுப் போடுவே?" என்று என் வீட்டுக்காரர் எரிந்து விழுந்தார். கிளம்புவதற்கு முந்தின நாள்தான் சேலையை அறுத்து என் கையில் கொடுத்தார். முந்தானை நூல் அப்படியே தொங்கியது.

"நான் ஃப்ளைட்டுல கட்டிக்கினே போயிடறேன். அவ்ளோ நேரம் சும்மாதானே குந்தினு இருக்கப்போறேன்" என்றேன்.

அவருக்கும் அது நியாயமாகவே பட்டது. போனில் மகளிடம் சொன்னபோது அவள் பதறினாள். "அம்மா, ப்ளீஸ்மா, அத்தை கூட வர்றாங்க. ஃப்ளைட்ல கடைய விரிச்சிக்கினு உக்காராத. இங்க வந்து கட்டிக்கலாம்."

அங்கே போய்க் கட்டினால் சம்பந்தி பார்த்துவிடுவார் அல்லவா? கட்டாத சேலையைக் கொண்டுவந்தேன் என்று தெரிந்துவிடும் அல்லவா? இந்தக் கவலை மகளுக்கு எங்கே புரியப்போகிறது.

விமான நிலையத்தில் சம்பந்தி எனக்கு முன்பே வந்து காத்திருந்தார். தோளில் காப்பிக்கொட்டை நிறத்தில் ஒரு பெரிய சால்வை. மெல்லிய கம்பளி, இரண்டு ஓரத்திலும் முறுக்கிய நூல் தொங்கியது. நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு அவராகவே சொன்னார்:

"இது அவர் வாங்கிக் குடுத்தது சம்பந்தி. காஷ்மீர் போனப்ப நான் குளிர்ல நடுங்கினேன்னு கடைக்காரன் சொன்ன விலைக்கே வாங்கிட்டார். அந்த மனுஷன் வாழ்க்கையில பேரம் பேசாம வாங்கினது இது ஒண்ணுதான். ஆபரேஷனுக்கு அப்புறம் டாக்டர் ஃப்ளைட் ஏறக்கூடாதுன்னுட்டார் இல்ல, அதான், அவருக்குப் பதிலா இது வருது."

சொல்லிவிட்டு சால்வையை ஒரு தட்டுத் தட்டினார். அவருடைய கணவர் இதய ஆபரேஷன் ஆகி, பெரிய மகன் வீட்டில் இருந்தார். நானும் கேட்டுத் தலையை ஆட்டினேன். எல்லாம் என் காதில் நன்றாகவே விழுந்தது. விழவில்லை என்று சொல்ல எனக்கு வழியில்லை.

"பொடவை ரெடியா?" என்று அடுத்துக் கேட்டார்.

"அது எப்பவோ ரெடி" என்றேன்.

சோதனை செய்யும் இடத்தில் என் துணிப்பையைத் திறந்து, குஞ்சத்தின் நுனியைச் சமமாக நறுக்குவதற்காக வைத்திருந்த கத்தரிக்கோலை எடுத்து வைத்துக்கொண்டார்கள். "இது உள்ள போவாதும்மா" என்றார் அந்தப் பெண். சம்பந்தி முன்னால் போய்விட்டிருந்தார், பார்க்கவில்லை. நல்லவேளை என்று நினைத்துக்கொண்டேன்.

நடுவில் ஒரு ஊரில் இறங்கி இன்னொரு விமானம் மாறினோம். இதுதான் நீண்ட பயணம். கால் நீட்டவும் எழுந்து நடக்கவும் வசதி என்று மாப்பிள்ளை இருவருக்கும் நடைபாதை ஓர இடமாகவே எடுத்திருந்தார். அதனால் சம்பந்தி எனக்கு நேர் முன்னால், நான் அவருக்குப் பின்னால். எனக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? அவருக்கு முதுகிலா கண் இருக்கிறது?

சாப்பாடு ஆனதும் சம்பந்தி எழுந்து என்னைப் பார்க்கத் திரும்பி, "சௌகரியமா இருக்கா?" என்று என் கையைத் தொட்டார். "ஐயோ, கை இப்படி ஜில்லுன்னு இருக்கே! போர்வை பத்தாது உங்களுக்கு. இந்த சால்வைய வாங்கிக்குங்க, எனக்கு இது வேண்டியதில்ல."

"வேணாம் சம்பந்தி, எனக்குக் குளிரே தெரியாது" என்றேன்.

பல் கிட்டிக்கொள்ளும் குளிர். ஆனால் அவரிடம் ஒன்றை வாங்கிப் போர்த்திக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

வெளியே நல்ல பகல். ஆனாலும் ஜன்னல்களையெல்லாம் மூடச் சொல்லி, விளக்கை அணைத்து, பணிப்பெண்கள் இருட்டாக்கிவிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் முன்சீட்டில் குறட்டை கேட்டது. இவ்வளவு படித்து, இவ்வளவு பெரிய வேலை பார்த்தவர், கிடைத்த நேரத்தையெல்லாம் இப்படித் தூங்கித் தீர்க்கிறாரே என்று எனக்கு இளக்காரம். பக்கத்து சீட்டுப் பையன் காதில் எதையோ மாட்டிக்கொண்டு, ஒரு படம் முடிந்ததும் அடுத்த படத்தைத் தட்டினான். அவன் மேலும் இளக்காரம். அந்த விமானத்திலேயே நேரத்தின் அருமை தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்ற நினைப்போடு சேலையை வெளியே எடுத்தேன்.

மடியில் சேலை, முன்னால் இருந்த சிறு பலகையில் முந்தானை, அதன் மேல் நகராமல் இருக்கத் தண்ணீர் பாட்டில். தலைக்கு மேலிருந்த விளக்கைப் போடவில்லை. போட்டால் சம்பந்தி விழித்துக்கொள்வார். பையனுடைய திரை வெளிச்சம் விட்டுவிட்டு அடித்தது, அது போதும். எனக்கெதற்கு வெளிச்சம்? கரண்ட் போன நாட்களில் எத்தனை சேலை கட்டியிருக்கிறேன்.

கட்டினேன். பிரித்து, முறுக்கி, முடிந்து, தண்ணீர் தொட்டு, இழுத்து, அடுத்தது. கை வேலையில் இருந்தது, மனம் வளைகாப்பில் இருந்தது. சம்பந்தி முந்தானையைத் தூக்கிப் பார்ப்பார். ஒரு குஞ்சத்தை இழுத்துப் பார்ப்பார். "அடேயப்பா" என்பார். "அன்னிக்கு அவுந்தது நான் கட்டுனது இல்ல சம்பந்தி" என்று அப்போது நான் மெதுவாகச் சொல்வேன். இதையே திருப்பித் திருப்பி நினைத்து, ஒவ்வொரு முறையும் வசனத்தைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டிருந்தேன். நடுவில் எப்போதோ முட்டி மேல் இதமாக இருப்பது தெரிந்தது. போர்வை சரிந்து விழுந்திருக்கிறது என்று நினைத்து இன்னும் இழுத்து விட்டுக்கொண்டேன். விரல்கள் மரத்துப்போயிருந்தன. ஆனால் நிற்கவில்லை.

கடைசி முடிச்சை இழுத்து முடித்தபோது உடம்பெல்லாம் ஒரு திருப்தி. நேரத்தை இதைவிட நன்றாக யார் பயன்படுத்தியிருக்க முடியும்? முந்தானையை மடிக்கத் தூக்கினேன். வரவில்லை. பலகையின் இடுக்கில் மாட்டிக்கொண்டது என்று நினைத்து இழுத்தேன். அந்தப் பக்கமிருந்து யாரோ திருப்பி இழுத்தார்கள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. மறுபடி மெல்ல இழுத்தேன். முன்சீட்டில் குறட்டை நின்றது. "ம்ம்" என்று ஒரு முனகல், ஒரு புரளல். முந்தானை என் கையிலிருந்து நழுவி ஒரு சாண் முன்னால் போயிற்று.

போனில் இருந்த விளக்கைக் கையால் மூடிக்கொண்டு அடித்துப் பார்த்தேன். முன்வரிசையில் இரண்டு சீட்டுக்கும் நடுவில் இருந்த இடுக்கு வழியாகச் சம்பந்தியின் சால்வை என் முட்டி மேல் வந்து கிடந்தது. அதன் ஓர நூலும் என் முந்தானை நூலும் கடைசி நாலைந்து குஞ்சங்களில் ஒன்றாகச் சேர்ந்து முறுக்கி, முடிந்து, நனைத்து இறுக்கப்பட்டிருந்தன. அரக்கும் காப்பிக்கொட்டையும் இருட்டில் ஒரே நிறம். நிறத்தை விடுங்கள், பட்டு எது கம்பளி எது என்று இந்தக் கைக்குத் தெரியவில்லையே! எத்தனை ஆயிரம் சேலை தொட்ட கை! யாராவது பார்க்கிறார்களா என்று சுற்றிப் பார்த்தேன். பையன் படத்தில் இருந்தான். யாரும் பார்க்கவில்லை. ஆனாலும் எனக்கு முகம் கொதித்தது.

அவிழ்த்துப் பார்த்தேன். நகத்தால் நெம்பினேன், காதில் இருந்த தோட்டைக் கழற்றி அதன் திருகை விட்டுக் குடைந்தேன். அசையவில்லை. டீச்சரம்மா முடிச்சு அல்லவா?

அப்போது பணிப்பெண்கள் வண்டியைத் தயார் செய்யும் சத்தம் பின்பக்கம் கேட்டது. இன்னும் கொஞ்ச நேரத்தில் விளக்கைப் போட்டுவிடுவார்கள். சம்பந்தி எழுந்திருப்பார். எழுந்தால் சால்வையோடு சேலையும் போகும். விமானம் முழுக்க வேடிக்கை பார்க்கும். கல்யாண மண்டபத்தில் சிரித்தவர்களாவது தெரிந்தவர்கள். மானம் கப்பலேறிவிட்டது என்பார்கள். என்னுடையது அமெரிக்காவுக்கே ஏறிப் போய்க்கொண்டிருந்தது.

எழுப்பிச் சொல்லியிருக்கலாம். "சம்பந்தி, இப்படி ஆகிவிட்டது" என்று ஒரு வார்த்தை. சொல்லியிருந்தால் அவர் ஊரே கேட்கச் சிரித்திருப்பார், பிறகு இருவரும் உட்கார்ந்து ஏதாவது வழி பார்த்திருப்போம். ஆனால் எப்பவோ ரெடி என்ற பொய்யும் அதோடு வெளியே வரும். அதனால் நான் நினைத்ததெல்லாம் ஒன்றுதான்: எந்தப் பக்கத்தை அறுப்பது? சேலையை அறுத்தால் முந்தானை ஓரத்தில் பொக்கை விழும், வளைகாப்புச் சேலையில் அது கூடாது. சால்வையை அறுத்தால் ஓர நூல்தானே, அவர் எங்கே கவனிக்கப்போகிறார்? அவருடைய வீட்டுக்காரர் பேரம் பேசாமல் வாங்கியது என்பது அந்த நேரத்திலும் எனக்கு ஞாபகம் வந்தது. வந்ததைத் தள்ளிவிட்டேன்.

கத்தரிக்கோல் இல்லை. குனிந்து, சால்வை நூலைப் பல்லில் வைத்துக் கடித்தேன். கம்பளி சீக்கிரத்தில் அறாது. மென்று மென்றுதான் அறுக்க வேண்டியிருந்தது. பாச்சை உருண்டை வாசமும் கசப்பும் வாயெல்லாம் ஏறியது. பொட்டு வைத்து, பூ வைத்து, ரிடையராகி, பேரப்பிள்ளை பார்க்கப் போகிற ஒரு டீச்சர், இருட்டில் குனிந்து எலி மாதிரி அடுத்தவர் துணியைக் கடித்துக்கொண்டிருந்தாள். அறுந்த சால்வையை இடுக்கு வழியாக முன்னால் தள்ளிவிட்டேன். சேலையை எப்படியோ சுருட்டிப் பைக்குள் திணித்தேன். விளக்கு வந்தது.

சம்பந்தி எழுந்து, சால்வையை உதறி மடித்தார். மடிக்கும்போது ஓரத்தைச் சமமாக்க அவர் விரல் நூல் மேல் ஓடியது. ஓரிடத்தில் நின்றது. அங்கேயே இரண்டு முறை போய் வந்தது. பிறகு மடித்து மடியில் வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"தூங்கினீங்களா சம்பந்தி?"

"நல்லா தூங்கிட்டேன்" என்றேன்.

காப்பி கொடுத்தார்கள். பாச்சை உருண்டைக் கசப்பு அதிலும் போகவில்லை. மீதி இருந்த அத்தனை நேரமும் நான் ஒன்றும் செய்யவில்லை. திரையில் ஒரு சிறு விமானம் கடல் மேல் நகர்வதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது நகர்ந்ததாகவே தெரியவில்லை. நேரம் போகவில்லை என்பது என்ன என்று வாழ்க்கையில் முதல் தடவையாக எனக்குத் தெரிந்தது. கையை எங்கே வைப்பது என்றே தெரியாமல் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

மகள் வீட்டுக்குப் போனதும் குளிக்கப் போகிறேன் என்று சொல்லி, சேலையோடு குளியலறையில் புகுந்து தாழ்ப்பாள் போட்டேன். மகளுடைய நகம் வெட்டும் கத்தரியால் வெளியே தெரிந்த கம்பளியையெல்லாம் நறுக்கினேன். ஆனால் முடிச்சுக்குள் போனது போனதுதான். உற்றுப் பார்த்தால் கடைசிக் குஞ்சங்களில் காப்பிக்கொட்டைப் புள்ளி தெரியும். யார் அவ்வளவு உற்றுப் பார்க்கப்போகிறார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மகள் கதவைத் தட்டி, "அம்மா, உள்ள என்ன பண்ணிக்கினு இருக்கே இவ்ளோ நேரம்?" என்றாள். வெளியே வந்து சேலையைக் கொடுத்தபோது, "வாவ், குஞ்சமெல்லாம் சூப்பரா இருக்குதும்மா" என்று கட்டிப்பிடித்தாள். அவளிடமும் சொல்லவில்லை.

வளைகாப்பு அன்றைக்கு அக்கம்பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் வந்திருந்தன. சம்பந்திதான் என் மகளுக்குச் சேலை கட்டிவிட்டார். அதற்காகக் காத்திருந்தவள்தானே நான்? அடேயப்பா என்பதற்காக எத்தனை வசனம் எழுதி வைத்திருந்தேன்! இப்போது அறையின் மூலையில் வளையல்களை அடுக்குகிற சாக்கில் அவர் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றேன். கொசுவம் வைத்தார். முந்தானையைத் தோளில் போட்டார். ஓரத்தைச் சரிசெய்ய அவர் விரல் குஞ்சங்களின் மேல் ஒவ்வொன்றாக ஓடியது. கடைசியில் வந்து நின்றது. விமானத்தில் நின்றது போலவே நின்றது. குனிந்து பார்த்தார்.

என் கையில் இருந்த வளையல் கீழே விழுந்தது. நான் குனிந்து அதை எடுத்துக்கொண்டு நிமிர்வதற்குள், மாப்பிள்ளை போனை நீட்டிக்கொண்டு வந்துவிட்டார். வீடியோவில் என் வீட்டுக்காரர். ஊரில் இருந்து பார்க்கிறார். சட்டை போட்டு, விபூதி வைத்து, தறிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். மகளைப் பார்த்துக் கண் கலங்கினார், அப்புறம் சிரித்தார். பிறகு அவர் கேட்பார் என்று நான் எதைப் பயந்தேனோ அதையே கேட்டார்.

"முந்தானைய இப்டி தூக்கிக் காட்டும்மா. குஞ்சத்த பாக்கணும். உங்கம்மா ஆகாயத்துல குந்திக்கினு கட்டுனது எப்டி வந்துக்குதுன்னு பாப்போம்."

எப்பவோ ரெடி என்று நான் சொன்னது அந்த இடத்திலேயே கிழிந்தது. அது போதாதென்று, ஓடுகிற தறியில் ஒரு இழை தப்பினால் கூடத்துக்கு அந்தக் கோடியிலிருந்து கண்டுபிடிக்கிற மனிதர் அவர். பட்டுக்குள் கம்பளியைப் பார்த்தால் என்ன கேட்பார் என்று எனக்குத் தெரியும். எல்லோர் முன்னாலும் கேட்பார்.

"இருங்க சம்பந்தி, நான் காட்டறேன்" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

முந்தானையை இரண்டு கையாலும் விரித்துப் போனுக்கு நேராகப் பிடித்தார். கடைசி ஓரம் முழுவதும் அவருடைய வலது கைக்குள் மூடியிருந்தது. "நல்லா பாத்துக்குங்க. எங்க சம்பந்தி போட்ட முடிச்சு. ஒண்ணுகூட அவுறாது."

"அவ கட்டுனா அவுறாதும்மா" என்றார் என் வீட்டுக்காரர், பெருமையாக.

போன் வேறு பக்கம் திரும்பியதும், சம்பந்தி கைக்குள் இருந்த ஓரத்தை உள்பக்கமாக மடித்து, இரண்டு ஊக்கு எடுத்துக் குத்தினார். வெளியே இருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. அதற்குப் பிறகு எடுத்த எல்லாப் போட்டோவிலும் அந்த ஓரம் மடித்தபடியே இருக்கிறது. நன்றாக வந்த போட்டோ என்று மகள் ஒன்றை எனக்குச் சட்டம் போட்டுக் கொடுத்திருக்கிறாள். வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. அதற்கு முன்னால் போகும்போதெல்லாம் நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போகிறேன்.

வளையல் போட்டு முடிந்தது. வந்த பெண்களுக்கெல்லாம் சம்பந்தி சந்தனக் கிண்ணத்தோடு வந்து கையில் பூசிக்கொண்டே வந்தார். ஒவ்வொருவரிடமும் ஏதோ பேசிச் சிரித்தார். நான் கடைசியில் நின்றிருந்தேன். உள்ளே போய்விடலாமா என்று பார்த்தேன், வழியில்லை. என் கையை எடுத்து, புறங்கையில் சந்தனத்தைத் தடவினார்.

"கை இப்பவும் ஜில்லுன்னுதான் இருக்கு சம்பந்தி உங்களுக்கு" என்றார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, சந்தனத்தையே பார்த்தபடி சொன்னார்: "அன்னிக்கு ஃப்ளைட்லயும் இப்படித்தான் இருந்துது. குடுத்தா வாங்க மாட்டேன்னுட்டீங்க. தூங்கறதுக்கு முன்னாடி சால்வைல பாதிய நான்தான் சீட்டு இடுக்குல பின்னால தள்ளி விட்டேன். உங்க முட்டிமேலயாவது கெடக்கட்டும்னு."

விமானத்தில் தொடைக்கு அடியில் ஒளித்து வைத்த கை அது.

இன்னொரு கையையும் நீட்டச் சொன்னார். நீட்டினேன்.